ஏழில் நடக்கும் மெட்டு

பதினோரு ஆண்டுகளாக மேடையில் நான் பார்த்துவருவது உடன் வாசிப்பவர்களின் முதுகுகளைத்தான். டிரம்ஸ் வாசிப்பவனின் இருக்கை அப்படி. எங்கள் பாடகி அடுத்த வரியை எடுக்கும் முன் இடது குதிகாலை லேசாக உயர்த்துவாள். பேஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன், வேகம் கூடுவதாகத் தோன்றினால் தோளைத் தளர்த்துவார். அதைப் பார்த்ததும் என் கை தானாக நிதானமாகிவிடும். இந்த முதுகுகளைப் படிப்பது என் வேலையில் பாதி. மறுபாதி கணக்கு.

நாங்கள் நான்கு பேர் கொண்ட சுயாதீன ராக் இசைக்குழு. எங்களுக்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. கிட்டார் வாசிப்பவன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். நான் வாரநாட்களில் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் கற்றுக்கொடுக்கிறேன். சனிக்கிழமை மாலை வடபழனியில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை அறையில் கூடுவோம். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய அறை; ஏசி ஓடினாலும் இரண்டாவது பாட்டுக்குள் சட்டை நனைந்துவிடும். வாடகையை நான்காகப் பங்கிட்டுக்கொள்வோம். முதல் ஆல்பத்தின் செலவையும் அப்படியே பங்கிட்டோம். ஸ்டூடியோவில் டிரம்ஸ் பதிவுக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தோம். மற்றதையெல்லாம் வீட்டில் பதிந்தோம்.

அந்த முதல் ஆல்பத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். அதில் கணக்குதான் இருந்தது. சுற்றுக்கு ஐந்து தட்டு, ஏழு தட்டு, பதினொரு தட்டு என்று தாளம் மாறிக்கொண்டே இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்து கைகுலுக்கினார்கள். வேறு யாருக்கும் ஒரு வரிகூட நினைவில் நிற்கவில்லை. நாங்கள் உழைத்த உழைப்பு முழுவதும் கேட்பவரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறது என்பது புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது.

இத்தனைக்கும் நான் இந்தத் துறைக்கு வந்ததே அதற்கு நேர் எதிரான ஒன்றைக் கேட்டுத்தான். கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ரஷ் என்ற மூவர் குழு. கெடி லீ, அலெக்ஸ் லைஃப்சன், நீல் பேர்ட். 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தில் ‘ஒய்.ஒய்.ஸெட்’ (YYZ) என்று பாட்டில்லாத ஓர் இசைத்துண்டு உண்டு. அது டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்துகளையும் மோர்ஸ் தந்தி மொழியில் தட்டினால் வரும் நீளமும் குறிலும்தான் அதன் தொடக்கத் தாளம். நீளத்துக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று என்று வைத்து எண்ணினால் ஏழு, ஏழு, ஆறு, மொத்தம் இருபது. பத்தொன்பது வயதில் முதன்முதலாகக் கேட்டபோது இந்தக் கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று இரவே மேசையில் விரலால் அதைப் பிழையில்லாமல் தட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத ஒரு கணக்கை உடம்பு முந்திக்கொண்டு கற்றுவிட்டது. அதைத்தான் எங்கள் முதல் ஆல்பத்தில் மறந்துபோயிருந்தோம்.

பெங்களூரின் அகம் குழு, கொச்சியின் மதர்ஜேன் குழு என்று நம் பக்கத்திலும் இதைச் சாதித்தவர்கள் இருக்கிறார்கள். மதர்ஜேனின் பழைய பதிவுகளில் பைஜு தர்மஜனின் கிட்டார் கமகங்கள் எவ்வளவு நுணுக்கமானவை! இருந்தும் முதலில் மனத்தில் ஒட்டுவது மெட்டுதான்.

இரண்டாவது ஆல்பத்துக்கான ஒத்திகையில் ஒரு சனிக்கிழமை, நானும் கிட்டார் தம்பியும் ஏழில் ஒரு துண்டை வாசித்துக்கொண்டிருந்தோம். மிஸ்ர சாபு நடை, தகிட தகதிமி. பாடகி ஒரு மெட்டோடு வந்தாள். ‘கடலே’ என்ற சொல்லில் தொடங்கும் வரி. நான்கு நான்காக நிம்மதியாக நடக்கும் மெட்டு. இரண்டும் ஒன்றோடொன்று மோதின. மெட்டை ஏழுக்குள் வெட்டித் திணிக்கலாம் என்றேன். அவள் மறுத்துவிட்டாள். “மூச்சு விடும் இடத்தை வெட்டினால் அது பாட்டாக இருக்காது” என்றாள். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது.

வழி காட்டியவர் பேஸ் அண்ணன். அவர் எண்ணவே மாட்டார். சிறுவயதில் பாட்டியோடு திருப்புகழ் பஜனைக்குப் போய் வளர்ந்தவர். “நீ எண்ணுவதை நிறுத்து. அவள் பாட்டைப் பாடிக்கொண்டே வாசி” என்றார். பாட்டி வீட்டுத் திருப்புகழ்ப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் மேலும் ‘தனதன தத்தன’ என்று அதன் ஓசை அமைப்பைக் காட்டும் சந்தக் குழிப்பு அச்சிட்டிருக்கும் என்றும், பஜனையில் யாரும் அதைப் பார்த்து எண்ணிப் பாடியதில்லை என்றும் சொன்னார். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் கட்டிய சந்தங்கள் எங்கள் பதினொன்றைவிடக் கடினமானவை. அவற்றை எழுபது வயதுப் பாட்டிகள் வெற்றிலை மடித்தபடி தடுமாறாமல் பாடினார்கள். காரணம், கணக்கு சொல்லுக்குள்ளேயே இருந்தது.

பாடிக்கொண்டே வாசித்தேன். மெட்டின் ஒரு வரி ஏழு நான்குகள். என் தாளம் நான்கு ஏழுகள். இரண்டும் இருபத்தெட்டு. இருவரும் சேர்ந்து புறப்படுகிறோம். அவளுடைய இரண்டாவது நான்கு முடிகிற தட்டிலேயே என் இரண்டாவது ஏழு பிறந்துவிடும். அங்கிருந்து பாதைகள் விலகும். இருபத்தெட்டு முடிந்ததும் ‘கடலே’ என்ற சொல்லில், சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், இருவரும் மறுபடி சந்திப்போம். முதல் தடவை அந்தச் சந்திப்பு சரியாக விழுந்தபோது நால்வரும் ஒரே நேரத்தில் தலைநிமிர்ந்தோம். பாடகி பாடுவதை நிறுத்தாமலே திரும்பி என்னைப் பார்த்தாள். மேடையில் நான் காணாத அந்த முகத்தை அன்று ஒத்திகையில் பார்த்தேன்.

அதன்பிறகு மாதக்கணக்கில் வேலை. நிமிடத்துக்கு அறுபது தட்டில் தொடங்கி, ஐந்தைந்தாக ஏற்றினேன். ஸ்னேர் டிரம்மில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் விழும் மெல்லிய தட்டுகளை வைத்தே ஏழைச் சொன்னேன். காலால் மிதித்து வாசிக்கும் கிக் டிரம் மட்டும் மெட்டோடு போகும். கேட்பவர் தலையாட்ட அது போதும்.

அந்தப் பாட்டை ஒரு வெளியூர்ப் பொறியியல் கல்லூரியில் வாசித்த இரவை மறக்கமுடியாது. தெரிந்த சினிமாப் பாட்டு குறைந்தது இரண்டு வேண்டும் என்று ஏற்பாட்டாளர் வற்புறுத்தினார், பேசி எங்கள் பாட்டுகளுக்கே ஒப்புக்கொள்ளவைத்தோம். மேடையில் வழவழப்பான டைல்ஸ் பதித்திருந்தார்கள். கிக் டிரம் நகராமலிருக்க முன்னால் இரண்டு செங்கல் கேட்டு வாங்கி வைத்தேன். எல்லாம் சரியாக நடந்தது. பாட்டின் பாதியில் என் காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்துபோனது. அதில் தாளத்தின் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்த கிளிக் சத்தம் நின்றது. அதைவிட மோசமாக, ஒரு நொடிப் பதற்றத்தில் தகிட தகதிமியைத் தலைகீழாக்கிவிட்டேன். நான்கு முதலில், மூன்று பிறகு. பேஸ் ஓரிடத்தில், நான் ஓரிடத்தில். எத்தனையாவது ஏழில் இருக்கிறேன் என்பதே தெரியவில்லை. உள்ளங்கை வியர்த்துக் குச்சி வழுக்கியது.

அப்போது பாடகி மைக்கை மாணவர்கள் பக்கம் நீட்டினாள். அந்த மெட்டை அவர்கள் அதுவரை இரண்டே முறைதான் கேட்டிருந்தார்கள். இருந்தும் பாடினார்கள். சுருதி சிதறிய ஆயிரம் குரல்கள். ஆனால் நடை சிதறவில்லை. நான் கையைக் குறைத்து ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலை மட்டும் தட்டியபடி அவர்களுடைய வரியைப் பின்தொடர்ந்தேன். ‘கடலே’ என்று அவர்கள் மறுபடி எடுத்த இடத்தில் பெரிய சிம்பலை ஓங்கி அடித்தேன். சமம் கிடைத்துவிட்டது. பேஸ் அண்ணனின் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். நாங்கள் இருபத்தெட்டாக எண்ணிக் கட்டியதை, எண்ணத் தெரியாதவர்கள் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வேனில் திரும்பி வரும்போது அண்ணன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “கிளிக்கை நம்பி எத்தனை நாள் வாசிப்பாய்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நீல் பேர்ட், உலகமே தலைசிறந்தவர் என்று கொண்டாடிய பிறகு, நாற்பது வயதைத் தாண்டி, 1990களின் நடுவில் ஃபிரெடி குரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். குச்சியைப் பிடிக்கும் விதத்திலிருந்தே மாற்றிக்கொண்டு மறுபடி கற்றார். முன்பு இதைப் படித்தபோது வியந்துவிட்டுக் கடந்துபோனேன். இப்போது அதன் எடை தெரிகிறது. காலப்பிரமாணம், அதாவது மாறாத வேகம், காதில் ஒலிக்கும் கருவியில் இல்லை, உடம்பில் இருக்கவேண்டும். அந்த இரவுக்குப் பிறகு, காலையில் ஒரு மணி நேரம் கிளிக் இல்லாமல், மெட்டை வாய்விட்டுப் பாடியபடியே வாசிக்கிறேன். என் மாணவர்களுக்கும் இதையே வைத்துவிட்டேன். குச்சியைக் கையில் கொடுக்கும் முன், பாட்டைப் பாடிக் காட்டச் சொல்கிறேன். முதல் வாரம் கூச்சப்படுவார்கள். நாலாவது வாரம் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஏழில் பாடிக்கொண்டே செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அது ஏழு என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

ஒத்திகை முறையும் மாறியிருக்கிறது. புதுப் பாட்டு வந்தால் முதல் நாள் நான் டிரம்ஸைத் தொடுவதில்லை. நால்வரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து மெட்டை மட்டும் பாடுகிறோம். போன சனிக்கிழமை பாடகி ஒரு புது மெட்டைக் கொண்டுவந்தாள். இரண்டாவது அடி வழக்கத்தைவிடச் சற்று நீளம். எங்கோ ஒரு தட்டு கூடுதலாக இருக்கிறது. கிட்டார் தம்பி விரல் மடக்கத் தொடங்கினான். அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வாடகை நேரம் முடிந்து அறைக்காரர் கதவைத் தட்டும் வரை பாடிக்கொண்டிருந்தோம்.