வாசலில் கார் இல்லை

12.01.2025

காரை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. போன வருடம் முழுக்க வண்டிக்குள் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தோம். எடுக்கும்போதெல்லாம் எங்கே போனோம், எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்று மனைவியும் நானும் குறித்துவந்தோம். நேற்றிரவு உட்கார்ந்து கூட்டினோம். 366 நாளில் வண்டி நகர்ந்தது 83 நாள். ஓடியது மொத்தம் 140 மணி நேரம் சொச்சம். மீதி 8,600 மணி நேரத்துக்கும் மேல் நின்றிருக்கிறது. கார்கள் 95 சதவீத நேரம் நின்றபடியேதான் இருக்கின்றன என்று அமெரிக்க நகரத் திட்டப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் எழுதியதை முன்பு நான் முழுதாக நம்பவில்லை. எங்கள் வண்டி அதையும் தாண்டிவிட்டது.

வண்டி நின்றாலும் செலவு நிற்பதில்லை. காப்பீடு, வரி, தேய்மானம் எல்லாம் நாள்தோறும் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் நிமிடத்தில் பெட்ரோல் மட்டும்தான் நினைவுக்கு வரும். அதைப் பஸ் டிக்கெட்டோடு வைத்துப் பார்த்தால் காரே மலிவு போலத் தெரியும். இத்தனை வருடமாக இந்தத் தப்புக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

02.02.2025

வண்டி போய்விட்டது. மகள் பின் சீட்டில் ஒட்டியிருந்த நட்சத்திர ஸ்டிக்கரை உரித்து எடுத்துக்கொண்டாள். வாங்கியவர் அதுவரை பொறுமையாகக் காத்திருந்தார்.

09.02.2025

முதல் பகிர்வுக் கார், அதாவது உறுப்பினர்கள் மாறி மாறி முன்பதிவு செய்து எடுத்து ஓட்டும் பொதுக் கார். நாங்கள் சேர்ந்த திட்டத்தில் எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். மணிக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம். எரிபொருளும் காப்பீடும் அதற்குள் அடக்கம். செயலியில் தட்டினால் கதவு திறக்கிறது. ஆனால் உடனே கிளம்பிவிடக் கூடாது. நான்கு பக்கமும் சுற்றிவந்து, பழைய கீறல்களைப் படம் எடுத்துப் பதிவிட்ட பிறகே நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் யாரோ போட்ட கீறலுக்கு நாம் பதில் சொல்ல நேரும். குழந்தை இருக்கையை வீட்டிலிருந்தே தூக்கிப்போனோம். அதுதான் பெரும்பாடு.

"இது என்ன புதுப் பழக்கம்?" என்றார் அம்மா. புதிதில்லை அம்மா என்றேன். 1948லேயே சூரிச் நகரில் சிலர் கூட்டுறவு அமைத்து இப்படிச் செய்தார்கள். தனியாக வாங்க முடியாதவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட கார். பிறகு 1987ல் சுவிட்சர்லாந்தில் இரண்டு குழுக்கள் இதைத் தொடங்கி, பத்து வருடம் கழித்து ஒன்றாக இணைந்தன. அம்மா கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

23.02.2025

10 மணிக்கு முன்பதிவு செய்திருந்தேன். எனக்கு முன் எடுத்தவர் வண்டியோடு வந்துசேர்ந்தபோது 10.40. மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. சொந்த வண்டியில் தாமதம் என்றால் நஷ்டம் நமக்கு மட்டும். இங்கே அது அடுத்தவர் தலையில் விழுகிறது.

14.03.2025

இதை எழுதியே ஆக வேண்டும். முந்தாநாள் இரவு இரண்டு மணிக்கு மகளுக்குக் கடும் காய்ச்சல். பகிர்வுக் கார் நிற்கும் இடத்துக்கு நடந்துபோய் எடுத்துவர நேரமில்லை என்று டாக்சி கூப்பிட்டோம். வர 11 நிமிடம் ஆனது. அந்த 11 நிமிடமும் விற்ற காரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. டாக்சியில் ஏறியதும் அவளை மடியில் போட்டு நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டே வந்தேன். ஓட்டியிருந்தால் என் கை ஸ்டீயரிங்கில் இருந்திருக்கும். இன்று காய்ச்சல் விட்டுவிட்டது.

06.04.2025

பஸ்ஸில் இரண்டு மாதம் போனதில் புரிந்த ஒன்று: ஊர்தி எத்தனை வேகமாகப் போகிறது என்பதைவிட எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதுதான் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் போய் நிற்பவருக்குச் சராசரியாக ஐந்து நிமிடக் காத்திருப்பு. அரை மணிக்கு ஒன்று என்றால் அட்டவணைக்கு அடிமை. அதுவும் முன்னே போன பஸ்ஸில் கூட்டம் ஏற ஏற அது பிந்தும். பின்னால் வருவது காலியாக ஓடிவந்து அதை ஒட்டிக்கொள்ளும். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே வராது. வீட்டருகே இருக்கும் தடத்தை விட்டு, எட்டு நிமிடம் நடந்து பெரிய சாலைத் தடத்துக்குப் போகத் தொடங்கினேன். மொத்த நேரம் குறைந்துவிட்டது. தினமும் நடந்தாற்போலவும் ஆயிற்று.

20.04.2025

வட அமெரிக்காவில் போக்குவரத்து ஆய்வாளர் சூசன் ஷாகீன் குழு செய்த ஆய்வில், ஒரு பகிர்வுக் கார் 9 முதல் 13 சொந்தக் கார்களுக்கு ஈடாகிறது என்று கண்டார்கள். விற்றவையும், வாங்காமல் தவிர்த்தவையும் சேர்த்து. எங்களுடையது அதில் ஒன்று என்று நினைக்கும்போது உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது.

நாளை மறுநாள் அம்மாவின் தையல் மெஷினை எடுத்துவர வேண்டும். பெரிய வண்டி ஒன்று 9 முதல் 12 வரை பதிவு செய்திருக்கிறேன். 12 மணிக்கு வேறொருவர் எடுக்கிறார். 11.30க்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.