வெந்நீர் ஊற்று கேட்டு வந்தவர்கள்

"ஏனுங்க, உங்க ஊருப் பக்கம் சுடுதண்ணி ஊத்து ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கோயம்புத்தூர்க்காரர் பாளையங்கோட்டை வீட்டில் பையை இறக்கி வைத்ததும் கேட்ட முதல் கேள்வி. காபி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த அம்மா என்னை முந்திக்கொண்டாள். "அதுக்கு மே மாசம்லா வந்திருக்கணும். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மொட்டமாடி டேங்க் பைப்பைத் தொறந்தா உங்க மணிகரணெல்லாம் பிச்ச வாங்கணும்."

மணிகரண் கதையை அம்மா என்னிடம் நூறு தடவை கேட்டிருக்கிறாள். இமாசலப் பிரதேசத்தில், குலு மாவட்டத்தில், பார்வதி ஆற்றங்கரை ஊர். மூன்று வருஷத்துக்கு முன்னால் தனித்தனியாகப் போன நாங்கள் நாலு பேர் அங்கே குருத்வாரா பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டியை எப்படி வாங்குவது என்று தமிழில் முணுமுணுத்ததில் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடித்தோம். இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். நானும் மதுரை அக்காவும் கோயம்புத்தூர்க்காரரும் சென்னைத் தம்பியும் வருஷம் ஒரு தடவையாவது சேர்ந்து எங்காவது போய்விடுவது அன்றிலிருந்து வழக்கம்.

அங்கே வெந்நீரில் சும்மா குளிப்பதோடு விடமாட்டார்கள். துணி முடிச்சில் அரிசியைக் கட்டி, கயிற்றில் கோத்துக் கொதிக்கிற குண்டத்தில் இறக்கிவிட்டு, கயிற்றின் நுனியைப் பிடித்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சோறு. ஐயாயிரத்துச் சொச்சம் அடி உயரம் என்பதால் நூறு டிகிரியைத் தொடாமலே தண்ணீர் அங்கே கொதித்துவிடும். கை எட்டும் தூரத்தில் பார்வதி ஆறு பனியாய் ஓடும். இங்கே கொதி, அங்கே உறைபனி. மழைத்தண்ணீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு பிளவு வழியாக மேலே வருவதுதான் வெந்நீர் ஊற்று. இமயமலை இன்னும் அசைந்துகொண்டிருக்கிற மலை. எங்கள் பொதிகை எப்போதோ அடங்கி உட்கார்ந்த கிழம். அது தருவது பச்சைத்தண்ணீர்தான்.

அதனால் பாபநாசம் போவோம் என்று முடிவானது. ஆனி கடைசி, குற்றாலத்தில் சீசன். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனால் அருவியைப் பார்ப்பதற்குப் பதில் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம். பாபநாசத்து அகஸ்தியர் அருவியில் வருஷம் பூராவும் தண்ணீர் உண்டு. எனக்கு எப்போதும் இதுதான் பிடிக்கும். குற்றாலக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அம்மா கூட்டாஞ்சோறு கிண்டித் தூக்குச்சட்டியில் அமுக்கிக் கொடுத்திருந்தாள். முருங்கைக்கீரை வாசம் கார் முழுக்க. பத்தமடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி மதுரை அக்கா அடம்பிடித்து ஒரு பாய் வாங்கினார். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாராகக் கிழித்து நெய்வது. நயம் பாய் பட்டுத்துணி மாதிரி மடியும். நாங்கள் வாங்கியது அந்த நயம் இல்லை. அந்த விலைக்குப் பாயைச் சுவரில்தான் மாட்ட முடியும்.

சேரன்மாதேவி தாண்டும்போது ரெண்டு பக்கமும் கார் பருவ நெல் நடவு முடிந்த வயல்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. அந்தத் தண்ணீர்தான் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து இப்படிப் பச்சையாக நிற்கிறது. சுதந்திரப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தியது இந்த ஊரில்தான். பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டு, நாடே அதைப் பற்றிச் சண்டை போட்டது. அந்தச் சண்டை ஓயும் முன்னே, 1925 ஜூனில், பாபநாசத்து அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் போய்விட்டார். சொல்லி முடித்தபோது சென்னைத் தம்பி பின்சீட்டிலிருந்து, "நாம போறதும் அங்கதானேக்கா?" என்றான். அங்கேதான். அவனை மணிகரணில் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டவர்கள் ஞாபகம் எனக்கு வந்தது. சொல்லவில்லை.

சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்த்தார்கள். மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எதுவும் போகாது. கோயம்புத்தூர்க்காரரின் ஷாம்பு பாக்கெட்டுகள் அங்கேயே தங்கின. தூக்குச்சட்டிக்குத் தடையில்லை.

அருவிக்குக் கீழே கால் வைத்தபோது நானே ஒரு நிமிஷம் யோசித்தேன். சத்தம் காதை அடைத்தது. பெண்கள் பக்கம் பத்துப் பதினைந்து பேர், நைட்டிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு. மதுரை அக்கா கம்பியைப் பிடித்தபடி தலையை நேராகத் தண்ணீருக்குக் கொடுத்து, மூச்சு முட்டி, பின்வாங்கி, திரும்பக் கொடுத்து அல்லாடினார்.

"ஏட்டி, தலையக் குடுக்காத. தோள மொதல்ல குடு."

எழுபது வயது இருக்கும் ஒரு ஆச்சி. தலையில் எண்ணெய் மினுங்கியது. காட்டுக்குள்ளே எண்ணெய் விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் ரெண்டு பேரையும் ஆளுக்கொரு கையால் பிடித்து இழுத்து, பாறையில் ஒரு குழிவைக் காட்டினாள். "இதுல குதிங்கால வையி. முட்டிய லேசா மடக்கு. எதுத்துக்கிட்டு நிக்காத, அது தள்ளுத பக்கம் கொஞ்சம் குடுத்து நில்லு. பொறவு முதுகு. தலை கடேசி."

அப்படியே செய்தோம். தோளில் முதலில் விழுந்தது தண்ணீர் மாதிரி இல்லை. யாரோ அரிசி மூட்டையை இறக்கிய மாதிரி. அப்புறம் முதுகில் பரவி, ஆச்சி கையால் என் பிடரியை முன்னே சாய்த்ததும், தலைக்கு. உள்ளே ஒரே வெள்ளை. மூச்சு விடுவதற்கு வாய்ப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இடம் கிடைத்தது. மணிகரண் குளத்தில் எல்லாரும் ஆவிக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் இருப்பது போல ஊமையாக இருந்தோம். பத்து நிமிஷத்துக்கு மேல் தலை சுற்றியது. இங்கே கூச்சல் போடாத ஆளே இல்லை. யார் கூச்சலும் யாருக்கும் கேட்கவும் இல்லை. அங்கே வெளியே வந்தபோது தூக்கம் வந்தது. இங்கே பசி வந்தது.

"எத்தனை நாளைக்கு ஒருக்க வருவிய ஆச்சி?" என்று கேட்டேன்.

"முட்டு வலி வந்தா வருவேன்."

"வலி போயிருமா?"

"போவாது. ஆனா திரும்ப வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்லா."

ஆண்கள் பக்கத்திலிருந்து வந்த ரெண்டு பேருக்கும் பல் கிட்டியது. தலையைத்தான் முதலில் கொடுத்தார்களாம். அவர்களுக்கு ஆச்சி வாய்க்கவில்லை.

மேலே, ஐயரும் மகளும் போன கல்யாண தீர்த்தம் பக்கம் போகலாம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. இறங்கி வந்து பாபநாசநாதர் கோயில் படித்துறையில் சட்டியைத் திறந்தோம். கூட்டாஞ்சோறு ஆறியிருந்தது. ஆறினால்தான் அதற்கு ருசி. பொரி வாங்கிப் போட்டால் மீன்கள் கூட்டமாக வந்து மேலே வாயைப் பிளந்தன. இந்தத் துறை மீனை யாரும் பிடிப்பதில்லை. அதுகளுக்கும் அது தெரியும் போல, கையிலிருந்தே பிடுங்குகின்றன.

பார்க்கச் சகிக்காதது ஒன்றும் இருந்தது. குளித்துவிட்டுக் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போகும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். படிக்குக் கீழே வேட்டியும் சேலையுமாக மட்கிக் கிடந்தன. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைத் தொடும் வரை ஊர் ஊராகக் குடிதண்ணீர் இதுதான். என் வீட்டுக் குழாயிலும் இதுதான். நான் வாய்விட்டுத் திட்டியதில் பக்கத்தில் துணியை அவிழ்க்கப் போன ஒருவர் யோசித்து, பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் என் சாதனை.

திரும்புகையில் முக்கூடல் வழி. கோயம்புத்தூர்க்காரர் ஈரத்துண்டை ஜன்னல் கண்ணாடி இடுக்கில் காயப்போட்டுவிட்டுத் தூங்கிப்போனார். மணிகரணில் வாங்கிய துண்டு. பாளையங்கோட்டை வந்து கண் விழித்துப் பார்த்தால் கண்ணாடிதான் இருந்தது.

"மூணு வருசமா வெச்சிருந்தேனுங்க" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

அம்மா தூக்குச்சட்டியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி என்றதும் முகம் மலர்ந்தது. "பாபநாசம் போயி துணிய விட்டுட்டு வந்தாச்சுல்லா. ரோட்டுல விட்டாலும் கணக்குதான். உள்ள வாங்க, காபி ஆறுது."