தைத்தவர் பெயர்

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நான் திருப்பிக் கேட்டதும் ஒன்றுதான். மூன்று வருடமாகியும் என் கேள்விதான் என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரச் சுற்றுவட்டார நெல் தோட்டங்களில் புழங்கிய கூடைகளை எங்கள் அருங்காட்சியகத்தில் காட்சிக்குத் தயார்செய்துகொண்டிருந்தோம். அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த குல்லா கீச்சி மக்களின் கைவேலை. கூடை முடைவது என்று அவர்கள் சொல்வதில்லை, தைப்பது என்பார்கள். கோரையைக் கற்றை பிடித்துச் சுருட்டிக்கொண்டே போய், பாமெட்டோ என்ற பனைவகையின் ஓலைக் கீற்றால் சுற்றுக்குச் சுற்று இறுக்கித் தைப்பார்கள். சியரா லியோனிலும் செனகலிலும் இந்தத் தையல் உண்டு. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் நெல் விளைவிக்கும் அறிவோடு இதையும் கொண்டுவந்தார்கள். எங்களிடம் இருந்தவற்றில் ஒன்று, நெல் புடைக்கும் பெரிய வட்ட முறம்.

அந்த அம்மா 17ஆம் நெடுஞ்சாலையோரம் கூடைக்கடை போட்டிருப்பவர், எண்பதை நெருங்கியவர். ஆலோசனை கேட்க அழைத்திருந்தோம். முறத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது எங்க தாத்தா தைச்சது. சுத்து எந்தப் பக்கம் போகுது பாரு. அவருக்கு இடது கைப் பழக்கம். பேரை எழுதி வைப்பியாம்மா?"

"போட்டோ, காகிதம் ஏதாவது இருக்குங்களாம்மா?"

அவர் பதில் சொல்லவில்லை.

கேட்டது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இடது கைக்காரர் இன்னொருவர் இருந்திருக்கலாம். தவறான பெயரை எழுதினால், உண்மையில் தைத்தவரின் பெயரை நாமே மறுபடி பறித்ததாகிவிடும். அன்று மாலை மற்ற கூடைகளோடு வைத்துப் பார்த்தேன். அது ஒன்றுதான் எதிர்த்திசையில் சுற்றியிருந்தது.

ஆனால் நான் காகிதம் கேட்டது யாரிடம்? தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே 1834 சட்டப்படி குற்றம். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அவர்களுக்குத் தனிப் பட்டியல்: உடைமையாளரின் பெயர், அதன்கீழ் வயது, பால், நிறம். எல்லோரும் பெயரோடு கணக்கில் ஏறியது 1870இல்தான். எங்கள் பதிவு அட்டையை மறுபடி எடுத்தேன். கொடுத்தவர் பெயர் இருந்தது, பழைய தோட்ட முதலாளிக் குடும்பம். தைத்தவர் என்ற இடத்தில் 'தெரியவில்லை'. அந்தப் பட்டியலின் அமைப்பேதான். இந்த முறம் உங்களுடையதுதானா என்று அந்தக் குடும்பத்திடம் யாரும் காகிதம் கேட்டதாகக் கோப்பில் குறிப்பில்லை.

'குடும்ப நினைவின்படி' என்று சேர்த்து அவர் பெயரை எழுதியிருக்கலாம். திறப்புவிழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அது காரணமா, சாக்கா என்று எனக்கே தெளிவில்லை. 'தெரியவில்லை' என்பதை 'பெயர் பதியப்படவில்லை' என்று மட்டும் மாற்றினேன். அன்று அது பெரிய மாற்றமாகத் தோன்றியது.

கிளம்பும்போது அவர் தாத்தாவின் பெயரை எழுத்தெழுத்தாக, இரண்டு முறை சொன்னார். பென்சிலால் கோப்பில் குறித்துக்கொண்டேன். அந்தக் கோப்பைத் திறப்பவர்கள் நாங்கள் மூன்று பேர்.