திருவருகை வளையத்தில் முதல் திரி மட்டும் ஏன் கட்டையாகிறது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம்; வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்ற நான்கு மெழுகுதிரிகளை நட்ட பச்சை இலை வளையம்தான் திருவருகை வளையம். அதை வீட்டில் வைப்பவர்களுக்கு மூன்றாம் வாரம் முடியும்போது ஒரு குறை தோன்றும். முதல் திரி பாதிக்கு மேல் கரைந்திருக்கும், பக்கத்தில் நான்காவது புத்தம் புதிதாக நிற்கும். பார்க்க நன்றாயில்லை என்று திரிகளை இடம் மாற்றி வைப்பவர்கள் உண்டு. மாற்றாதீர்கள். முதல் திரி எல்லா வாரமும் எரிய வேண்டியது, நான்காவது கடைசி வாரம் மட்டும். டிசம்பர் 24 மாலை நான்கும் படிக்கட்டு மாதிரி நின்றால் வீட்டில் செபம் நடந்திருக்கிறது. நான்கும் ஒரே உயரத்தில் இருந்தால் போட்டோ எடுத்ததோடு சரி.

முதலில் நாள் கணக்கு. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அந்த நாளோ, அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறோதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27க்கு முன்பும் வராது, டிசம்பர் 3க்குப் பின்பும் வராது. 2026இல் நவம்பர் 29. வழிபாட்டு முறைப்படி ஞாயிறு முந்தின மாலையே தொடங்கிவிடுவதால், சனி மாலைச் செபத்திலேயே திரியை ஏற்றலாம். காலத்தின் நீளமும் ஒரே மாதிரி இருக்காது. 2022இல் கிறிஸ்துமஸ் ஞாயிறன்று வந்தது, முழுதாக 28 நாள் கிடைத்தது. 2023இல் திங்களன்று வந்ததால் 22 நாள்தான். டிசம்பர் 24 அன்றே காலையில் நான்காம் ஞாயிறு திருப்பலி, இரவில் பிறப்புத் திருப்பலி. நான்காவது திரிக்கு ஒரே நாள் ஆயுள். 2028லும் அப்படித்தான்.

இதை வைத்துத்தான் திரி வாங்க வேண்டும். தினமும் 15 நிமிடம் என்றால், 28 நாள் வரும் ஆண்டில் முதல் திரி 7 மணி நேரம் எரியும். இரண்டாவது ஐந்தேகால் மணி நேரம், மூன்றாவது மூன்றரை, நான்காவது ஒன்றே முக்கால். சுமார் 2 செ.மீ. தடிமனுள்ள ஒல்லித் திரி மணிக்கு ஏறக்குறைய இரண்டரை செ.மீ. இறங்கும். ஆகவே 25 செ.மீ. திரி போதும், கடைசியில் ஏழு செ.மீ. போல மிஞ்சும். அரை மணி நேரம் செபிக்கும் வீடு முதல் திரிக்கு இன்னொன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

அழகாக இருக்கிறதே என்று தடித்த திரி வாங்கினால் வேறு தொல்லை. மேல்மட்டம் முழுக்க உருகுமுன் 15 நிமிடத்தில் அணைத்துவிடுவோம். நடுவில் மட்டும் குழி விழும், இரண்டாம் வாரத்தில் நூல் உருகிய மெழுகுக்குள் மூழ்கி, ஏற்றினாலும் பிடிக்காது. தினமும் கொஞ்ச நேரம் ஏற்றுவதற்கு ஒல்லித் திரிதான் சரி.

நிறத்துக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். மூன்று ஊதா, ஒரு ரோஸ் என்பது வழக்கம்தான். நான்கும் வெள்ளையாக இருந்தாலும் தவறில்லை. இந்த வளையமே 1839இல் ஹாம்பர்க் நகரில் லூத்தரன் போதகர் வீகெர்ன், காப்பகத்துக் குழந்தைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் திரிகளை நட்டதிலிருந்து வந்தது. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு. கத்தோலிக்க வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். வெள்ளைத் திரிக்கு ஊதா ரிப்பன் கட்டினால் திரியில் கட்டாமல் தாங்கியின் அடியில் கட்டுங்கள்.

ரோஸ் திரி மூன்றாம் ஞாயிறுக்கு. அன்று குருவானவரும் ரோஸ் உடுப்பு அணியலாம். அது மகிழ்ச்சியின் நாள்: 'மகிழுங்கள்' என்பது அன்றைய திருப்பலித் தொடக்கத்தில் வரும் வருகைப் பல்லவியின் முதல் சொல். பல வீடுகளில் இதை நான்காவதாக ஏற்றிவிடுகிறார்கள். கடைசித் திரிதான் விசேஷமானது என்று நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

இலைகள் பச்சையாக இருக்கும்வரை பயமில்லை. பத்து நாளில் காய்ந்துவிடும், காய்ந்த இலைக்குத் தீப்பொறி போதும். இரண்டாம் ஞாயிறன்று பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், அல்லது வளையத்தை மணல் நிரப்பிய தட்டில் வைத்துத் திரியைச் சுற்றி நான்கு விரல் அளவு வெறுமையாக விடுங்கள். திரி ஐந்து செ.மீ.க்குக் கீழே வந்தால் ஏற்ற வேண்டாம். செபம் முடியும்வரை மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் சுடர் சாய்ந்தால் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து திரியே கோணலாகும். ஊதி அணைத்தால் சூடான மெழுகு தெறிக்கும். ஒரு சிறு உலோகக் கரண்டியைச் சுடர்மேல் கவிழ்த்துப் பிடித்தால் போதும்.

இனி செபம். நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று திரிகளுக்குப் பெயர் வைத்து அட்டைகள் கிடைக்கின்றன. அவற்றைவிட அந்தந்த ஞாயிறின் நற்செய்தியே மேல். முதல் ஞாயிறு விழித்திருக்கச் சொல்லும். இரண்டிலும் மூன்றிலும் திருமுழுக்கு யோவான். நான்காவதில் மரியா அல்லது யோசேப்பு, ஆண்டைப் பொறுத்து. வாரநாட்களில் அதிலிருந்து இரண்டு மூன்று வசனம், ஒரு நிமிட மௌனம், ஒரு மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த செபம், ஒரு பாட்டு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் சின்னப் பிள்ளைகள் திரியை நோண்ட ஆரம்பிப்பார்கள். யார் ஏற்றுவது என்ற சண்டை நிச்சயம் வரும். ஏற்ற ஒருவர், வாசிக்க ஒருவர், அணைக்க ஒருவர் என்று வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். அணைக்கும் வேலைக்குத்தான் போட்டி அதிகம்.

டிசம்பர் 17இலிருந்து 23வரை செபத்தை மாற்றலாம். திருச்சபையின் மாலைச் செபமான மாலைப் புகழில் அந்த ஏழு நாளும் 'ஓ' என்று தொடங்கும் ஏழு அழைப்புகள் உண்டு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. லத்தீனில் இவற்றின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கோத்தால் 'நாளை இருப்பேன்' என்று பொருள்படும். வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் புதிர் பிடிக்கும்.

இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் சேர்த்துச் செபித்து ஈடுகட்ட முயல வேண்டாம். அன்றைய திரியை ஏற்றுங்கள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் இரவு நடுவில் ஒரு வெள்ளைத் திரி வைத்து, ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை அதை ஏற்றலாம். மிஞ்சிய ஊதாத் துண்டுகளை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்காதீர்கள். அப்போது நான்கும் ஒரே உயரத்தில் தொடங்க வேண்டும்.