அம்மாவுக்கு எண்ணெய், சித்திக்கு மணல்

கை கால் வலி என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் கை போவது எண்ணெய்ப் போத்தலுக்குத்தான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான எந்த லயத்துக்குப் போனாலும், காம்பரா என்று நாங்கள் சொல்லும் வீட்டு அறையின் அடுப்படித் தட்டில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அது நிற்கும். விடியற்காலைப் பனி, மாதக்கணக்கில் ஓயாத மழை, இடுப்பில் நனைந்து கனக்கும் படங்கு, கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலையில் ஏற்றமும் இறக்கமும். இத்தனை வருடம் இப்படி உழைத்த உடம்பு வலிக்கத்தான் செய்யும். வலித்தால் எண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றிக்கொண்டு, மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போவதுதான் வழக்கம்.

என் அம்மாவும் சித்தியும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் இரண்டும் அவரைப் படுத்துகின்றன. சித்தி இன்னும் பேர் போடுகிறார், அதாவது தோட்டத்தில் வேலைக்குப் போகிறார். அவருக்கு விரல்களிலும் மணிக்கட்டிலும் வலி. இருவரையும் ஒரே நாளில் அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். ஒருவருக்கு எண்ணெய்தான் மருந்து என்றார்கள். மற்றவர் எண்ணெயைத் தொடவே கூடாது என்றார்கள். இந்த வேறுபாட்டை எங்கள் லயத்தில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தெரியாமல் எத்தனை பேர் விரல்கள் கோணிப்போய் இருக்கிறார்கள் என்று இப்போது நினைத்தால் மனம் தாங்கவில்லை. அதனால்தான் போய் வந்த வழியை எழுதிவைக்கிறேன்.

யாரிடம் போவது என்பதே முதல் கேள்வி. சம்பளம் போட்ட வாரத்துச் சந்தையில் வாதத்துக்கென்று தூள் விற்பவர்கள் வந்துவிடுவார்கள். பொட்டலத்தில் பெயர் இருக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இருக்காது. பக்கத்துக் காம்பரா அக்கா ஒருவர் அதைச் சாப்பிட்டு ஓரிரு நாளில் வலி போய்விட்டது என்று சந்தோஷப்பட்டார். சில மாதங்களில் முகம் உப்பி, இரத்தத்தில் சீனி ஏறி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்படிப்பட்ட தூள்களில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூலிகை தின்ற சில நாட்களுக்குள் பழைய மூட்டுவலி முற்றாக மறைந்தால், அது மூலிகையின் வேலைதானா என்று சந்தேகப்பட வேண்டும்.

இலங்கையில் சுதேச வைத்தியர்களுக்குப் பதிவு உண்டு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுர்வேத மருத்துவ சபை இந்தப் பதிவைச் செய்கிறது. பல்கலைக்கழகத்தில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி படித்து வந்தவர்கள் மட்டுமல்ல, எலும்பு முறிவு, விஷக்கடி என்று ஒரு துறையைப் பரம்பரையாகச் செய்துவரும் வைத்தியர்களும் அதில் பதிந்திருக்கிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வைத்தியர் அதைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்.

அரசாங்க வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவு இலவசம். எங்களுக்குச் செலவு பயணத்தில்தான். விடிவதற்கு முன்னால் புறப்பட்டு, ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போனோம். கினிகத்தேனை வளைவுகளில் சித்திக்குத் தலை சுற்றும் என்பதால் இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டார். அன்றைய நாட்சம்பளம் போனதைப் பற்றிப் போகும் வழியெல்லாம் கவலைப்பட்டார். இந்தக் கவலைதான் எங்கள் பெண்களை நோய் முற்றும்வரை வீட்டிலேயே வைத்திருக்கிறது.

வைத்தியர் நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். கொஞ்சம் தமிழ் தெரியும்; தெரியாத இடத்தில் என்னிடம் சிங்களத்தில் சொல்வார். நாடியைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பசி எப்படி, மலம் எப்படி என்று கேட்டார். பிறகு அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தார்.

"அம்மே, மலை ஏறும்போது வலி கூடவா, இறங்கும்போதா?"

"இறங்கும்போதுதான்" என்றார் அம்மா, யோசிக்காமல். உட்கார்ந்து எழுந்தால் கால் பிடித்துக்கொள்கிறது, நாலு எட்டு வைத்ததும் விட்டுவிடுகிறது என்றும் சொன்னார். வைத்தியர் உள்ளங்கையை முழங்கால் சில்லின் மேல் வைத்துக் காலை மடக்கி நீட்டினார். பிறகு என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் கரகரவென்று ஏதோ உரசுவது என் கைக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் அந்தக் காலுக்குள் இத்தனை தேய்மானம் இருந்தது அன்றுதான் எனக்கு உறைத்தது.

சித்தியிடம் கேட்ட கேள்விகள் வேறு. காலையில் எழும்பியதும் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடிகிறதா? விரல்கள் இளக எவ்வளவு நேரமாகும்? "நாலு மணிக்கு எழும்புகிறேன். மலைக்குப் போய் முதல் கூடை அரைவாசி நிறையும்வரை விரல் ஒழுங்காக மடங்காது" என்றார் சித்தி. வைத்தியர் அவருடைய கையைக் கைகுலுக்குவதைப் போலப் பிடித்து, விரல்கள் தொடங்கும் மூட்டுகளைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினார். சித்தி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மற்றக் கையிலும் அதே இடம், அதே வலி. மூட்டுகள் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தன. சாப்பாட்டில் ருசியில்லை, உடம்பு கனக்கிறது, பின்னேரத்தில் காய்ச்சல் வருவதுபோல் இருக்கிறது என்று சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்க ஒருவர் இருந்ததால்தான் இவ்வளவும் வெளியே வந்தது.

அம்மாவுக்கு இருப்பது சந்திவாதம் என்றார் வைத்தியர். வருடக்கணக்கான தேய்மானத்தால் வாயு மிகுந்து, மூட்டில் இருக்க வேண்டிய நெய்ப்பு வற்றிப்போன நிலை. அங்கே எண்ணெய் வேண்டும். சித்திக்கு இருப்பது ஆமவாதம். செரிமானத் தீ மந்தமாகி, சரியாகச் செரிக்காமல் நின்றது ஆமமாகி மூட்டுகளில் போய்த் தங்குகிறது என்பது ஆயுர்வேதத்தின் விளக்கம். ஆமம் கனமானது, பிசுபிசுப்பானது. எண்ணெய்க்கும் அதே குணம். ஆமம் இருக்கும்போது மேலே எண்ணெய் தடவினால் வீக்கமும் இறுக்கமும் கூடும். முதலில் அதை உலர்ந்த சூட்டாலும் லேசான உணவாலும் வற்றச் செய்ய வேண்டும். எண்ணெய் தேய்த்த மறுநாள் வலி கூடுகிறது என்று சித்தி வெகுகாலமாகச் சொல்லிவந்தார். எண்ணெய் போதவில்லை என்றுதான் எல்லோரும் அவருக்குப் பதில் சொன்னார்கள்.

சித்தியின் அறிகுறிகள் ஆங்கில வைத்தியத்தில் முடக்குவாதம் என்று சொல்லும் நோய்க்குப் பொருந்துகின்றன என்று சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கும் வைத்தியர் கடிதம் எழுதித் தந்தார். அந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பு அரிபட்டு விரல்கள் நிரந்தரமாக வளைந்துவிடும். அறிக்கை அதையே உறுதிப்படுத்தியது. பெரியாஸ்பத்திரியின் வாதநோய்க் கிளினிக்கில் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் குடிக்கும் குளிசை கொடுத்தார்கள். ஆயுர்வேத வைத்தியர் அதை நிறுத்தச் சொல்லவில்லை. "அதை ஒழுங்காகக் குடியுங்கள், நான் கொடுக்கும் கஷாயத்தைப் பற்றி அங்கேயும் சொல்லுங்கள்" என்றார். அந்தக் குளிசை குடிப்பவர்களுக்கு ஈரலை அடிக்கடி சோதிப்பார்கள். வேறு என்ன சாப்பிடுகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டு கிளினிக் கொப்பிகளையும் ஒரே பையில் வைத்து, இரண்டு இடத்திலும் இரண்டையும் காட்டுகிறோம். ஒரு வைத்தியரிடம் மற்ற வைத்தியரை மறைக்கும் பழக்கம் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து.

அம்மாவை வார்டில் சேர்த்தார்கள். அங்கே பார்த்த சிகிச்சையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உழுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து, முழங்காலைச் சுற்றி வரம்பு கட்டுகிறார்கள். மா தோலோடு ஒட்டும் விளிம்பை ஈர விரலால் தடவித் தடவி அடைக்கிறார்கள், ஒரு சொட்டுக்கூட ஒழுகக் கூடாது. பிறகு அந்த வரம்புக்குள் இளஞ்சூடான மருந்தெண்ணெயை ஊற்றுகிறார்கள். ஆற ஆறப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, வேறு சூடான எண்ணெயை விடுகிறார்கள். அரை மணி நேரமளவு அப்படியே இருக்க வேண்டும். அதைச் செய்த பெண், ஒவ்வொரு முறையும் எண்ணெயைத் தன் புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்த பிறகே அம்மாவுக்கு ஊற்றினார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்காக நடந்த காலை இன்னொருவர் இத்தனை பொறுமையாகப் பார்த்துக்கொண்டபோது அம்மாவுக்குக் கண் கலங்கியது. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணெய் எவ்வளவு முக்கியமோ அதே அளவு முக்கியம் அது என்று வைத்தியர் அழுத்திச் சொன்னார்.

சித்தியின் சிகிச்சை பெரும்பாலும் வீட்டில். அதுதான் கடினம். மணல் ஒத்தடத்துக்கு ஆற்று மணலைக் கழுவி, கல் பொறுக்கி, காயவைக்க வேண்டும். எங்கள் ஊர் மழையில் எதுவும் வெளியே காயாது. அடுப்புக்கு மேலே தட்டில் பரப்பித்தான் உலர்த்தினோம். பிறகு இரும்புச் சட்டியில் வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, முதலில் எங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மூட்டுகளில் ஒற்றினோம். ஒன்று ஆறுவதற்குள் மற்ற முடிச்சு சூடாகிவிடும்.

கஷாயம் காய்ச்சுவது இன்னொரு வேலை. எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்ற வேண்டும், அதுவும் மண்சட்டியில், மெல்லிய தீயில், மூடாமல். அதற்கு இரண்டு மணி நேரம்வரை எடுக்கிறது. எங்களுக்கு விறகு கவ்வாத்து மிலாறுதான், தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் குச்சிகள். அது குப்பென்று பிடித்துச் சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும், அடுப்பை விட்டு அசைய முடியாது. காஸ் அடுப்பில் பெரிய தீயில் கால் மணி நேரத்தில் கொதிக்கவைத்து இறக்கிவிட்டு, கஷாயத்துக்குச் சக்தியில்லை என்று குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாறு இறங்க நேரம் கொடுக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகிறவர் இதைத் தானே செய்ய முடியாது. சித்தப்பா பொறுப்பெடுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் சட்டியை ஏற்றி, வற்றும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். அவர் இல்லாவிட்டால் இந்த வைத்தியம் ஒரு வாரம்கூடத் தாண்டியிருக்காது.

இரவில் படுக்குமுன் சுக்குக் கஷாயத்தோடு ஆமணக்கெண்ணெய், வைத்தியர் சொன்ன அளவில். மேலே பூச எண்ணெய் கூடாது, உள்ளுக்கு ஆமணக்கெண்ணெய் மட்டும் வேண்டும். ஆமவாதத்துக்கு ஆயுர்வேதம் மிகவும் நம்பும் மருந்து அதுதானாம். அளவு தவறினால் வயிறு போகும், ஆகவே பார்த்துச் செய்ய வேண்டும்.

பத்தியத்தில் தயிர், பலயா மீன், தக்காளி, அன்னாசி, புளித்துப்போன எதுவும் கூடாது. பகல் தூக்கம் கூடாது. பச்சைத் தண்ணீரில் குளிக்கவே கூடாது. கொள்ளு, இஞ்சி, உள்ளி, மிளகு, சூடான கஞ்சி நல்லது. சித்திக்குக் கஷ்டமாக இருந்தது ரொட்டியை விடுவதுதான். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மலைக்குப் போவது எங்கள் பரம்பரைப் பழக்கம்; சுலபம், மலிவு, பசி தாங்கும். அதை நிறுத்தச் சொல்வது எளிது. பதிலுக்கு அந்த விடியற்காலையில் யார் சமைப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. முதல் நாள் இரவே கொள்ளை ஊறவைத்து, காலையில் அவித்து, சிவப்பரிசிச் சோற்றோடு கட்டிக்கொடுப்பது என்று ஒருவாறு சமாளித்தோம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன இடங்களில் ஒன்றில் மருந்துக் குறிப்பும் பத்தியத் தாளும் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தன. தமிழில் இருக்கிறதா என்று கேட்டதற்குக் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி 1987 முதல் இருக்கிறது. மருந்துக்கு முன்னாலா பின்னாலா சாப்பிடுவது என்பதே விளங்காமல் ஒரு நோயாளி வீட்டுக்குப் போனால், அந்த மருந்தால் என்ன பயன்? எனக்குச் சிங்களம் தெரிந்ததால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். தெரியாதவர்கள் எத்தனை பேர்! வைத்தியசாலைக்குப் போகும்போது சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை, பள்ளிக்கூடப் பிள்ளையானாலும் பரவாயில்லை, கட்டாயம் கூட்டிப் போங்கள்.

இப்போது அம்மா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு இறங்கும் படிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்குகிறார். தேய்ந்தது திரும்ப வளராது என்று வைத்தியர் முதலிலேயே சொல்லிவிட்டார். வலி குறைந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதல். சித்தியின் விரல் வீக்கம் வடிந்திருக்கிறது. கூடை தூக்குவதற்கு முன்பே விரல்கள் மடங்குகின்றன. குளிசையாலா, கஷாயத்தாலா, உணவாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை; மூன்றையும் அவர் விடவில்லை. ஆமம் தணிந்துவிட்டது என்று தெரிந்த பிறகே அவருக்கு மேல்பூச்சு எண்ணெயைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார் வைத்தியர்.

அடுத்த கிளினிக்குக்கு எங்கள் லயத்திலிருந்து இன்னும் இரண்டு அக்காமார் வருகிறார்கள். அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டுகள், குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் உறையோடு, சந்தையில் வாங்கிய தூள் இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். காலையில் விரல்கள் இளக எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்துவைக்கவும் சொன்னேன். வைத்தியர் அதைத்தான் முதலில் கேட்பார்.