நூறு மில்லிக்கு ஒரு ஓட்டம்

முதலில் அதைச் சாதாரண நீர்க்கடுப்பு என்றுதான் நினைத்தேன். தண்ணீர் சரியாகக் குடித்திருக்க மாட்டோம், இரண்டு நாளில் போய்விடும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் ஆகியும் போகவில்லை. எரிச்சலோடு வலியும் சேர்ந்துகொண்டது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், உட்கார்ந்தால் கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எழுந்து நின்றால் கொஞ்சம் தேவலை.

சிறுநீர் விஷயம்தான் மானத்தை வாங்கியது. முட்டிக்கொண்டு வரும், ஓடிப்போய் நின்றால் ஆரம்பிக்கவே நேரம் எடுக்கும். வந்தாலும் நூல் மாதிரிதான். முடிந்தது என்று ஜிப்பை ஏற்றிய பிறகு நாலு சொட்டு உள்ளாடையில். இருபது நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. இரவில் நான்கு முறை எழுந்தேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கண் முதலில் கழிப்பறைப் பலகையைத் தேடும்.

முதலில் பார்த்த மருத்துவர் பரிசோதனை எதுவும் இல்லாமல் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். சாப்பிடும்போது சற்றுத் தணிந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்தது. திரும்பவும் ஒரு கோர்ஸ். அப்புறம் இன்னொன்று, இந்த முறை சிப்ரோஃப்ளாக்சசின். அதன் நடுவில் குதிகாலுக்கு மேல் இருக்கும் தசைநாண் வலிக்க ஆரம்பித்தது. அந்த வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. இத்தனைக்கும் இடையில் எடுத்த யூரின் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கிருமியே வளரவில்லை. இல்லாத கிருமியை அரை வருடம் துரத்தியிருக்கிறேன்.

ஒரு யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப் பாதை நிபுணர்) போன பிறகுதான் விஷயம் புரிந்தது. எனக்கு இருந்தது புராஸ்டேட் அழற்சி; ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். அதில் நான்கு வகை உண்டாம். முதல் வகை திடீரென்று வருவது: குளிர்க்காய்ச்சலோடு சிறுநீரும் அடைத்துக்கொண்டால் நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரண்டாவது, கிருமி தங்கிவிட்டுத் திரும்பத் திரும்ப வருவது. நான்காவதில் தொந்தரவே இருக்காது, வேறு எதற்கோ சோதிக்கும்போது தெரியவரும். மீதி இருக்கும் மூன்றாவதுதான் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருப்பது. நாள்பட்ட இடுப்பு வலி, ஆனால் சோதனையில் கிருமி கிடைக்காது. நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். உறுதி செய்துகொள்ள, சுரப்பியை அழுத்துவதற்கு முன்பும் பின்பும் சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டிலும் கிருமி இல்லை.

இணையத்தில் படித்துவிட்டுப் புற்றுநோய் பயத்தில் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தச் சோதனை கேட்டேன். "இப்போது எடுத்தால் அழற்சியாலேயே எண் ஏறித் தெரியும். நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். அடங்கட்டும்" என்றார். ஒரு கேள்வித்தாளும் கொடுத்தார். வலி, சிறுநீர், வாழ்க்கை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மூன்றுக்கும் சேர்த்து 43 மதிப்பெண். நான் 27 வாங்கினேன். இதில் அதிகம் வாங்கினால் பாராட்டு கிடையாது.

ஆசனவாய் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்குப் பயந்தே இரண்டு மாதம் தள்ளிப்போட்டவன் நான். ஒரு நிமிடம்கூட ஆகாது. சுரப்பியைத் தொட்டபோது கொஞ்சம் கூச்சமும் லேசான வலியும்தான். விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி அழுத்தினாரே, மேஜையிலிருந்து துள்ளிவிட்டேன். அதே கூழாங்கல். "இது சுரப்பி இல்லை, தசை. நாள் முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கோ படித்துவிட்டு இடுப்புக்கு அடியில் இருக்கும் தசையை இறுக்கி இறுக்கி விடும் கீகல் பயிற்சியை இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே முறுக்கேறிய தசையை ஒரு நாளைக்கு நூறு தடவை இன்னும் முறுக்கியிருக்கிறேன்.

சிறுநீர் வழியின் தசையைத் தளர்த்தும் தாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் இரவில் ஒன்று கொடுத்தார்கள். சிறுநீர் ஓட்டம் இரண்டு வாரத்தில் தேறியது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. உறவின்போது விந்து வெளியே வராமல் போனது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அவ்வளவு பதறியிருக்க மாட்டேன். மருந்தை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்றார்கள், ஆனது.

ஆனால் என்னை உண்மையில் மீட்டது பிசியோதெரபிஸ்ட் கொடுத்த இரண்டு வேலைகள். ஒன்று, தளர்த்துவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சு உள்ளே போகும்போது வயிறு உப்ப, கூடவே இடுப்புக்கு அடியில் இருக்கும் தசையும் கீழே இறங்க விட வேண்டும். தினம் இரண்டு வேளை, பத்து நிமிடம். முதல் இரண்டு வாரம் எதுவுமே புரியவில்லை. அப்புறம் ஒரு நாள், போனில் யாருடனோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது பிட்டம் கல் மாதிரி இறுகியிருப்பதைக் கவனித்தேன். விட்டேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி இறுகியிருந்தது. அன்றைக்கு எத்தனை முறை விட்டேன் என்று கணக்கே இல்லை.

இரண்டாவது, நாட்குறிப்பு. மூன்று நாள், ஒரு அளவுக் குவளை. போன நேரம், எத்தனை மில்லி, என்ன குடித்தேன். முதல் நாள் 17 முறை. 90, 110, 70, 100 என்று ஓடிய பட்டியலில் விடியற்காலையில் மட்டும் 380. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீர்ப்பை சின்னதாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு, 380 பிடிக்கிற பையை வைத்துக்கொண்டு நூறு மில்லிக்கு ஒரு ஓட்டம் ஓடுகிறோம் என்று தெரிந்தது.

அதன் பிறகு உணர்வு வந்தவுடன் ஓடக்கூடாது என்பது விதி. அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். அந்த ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து மூச்சு விட வேண்டும். இறுக்கி அடக்குவது எனக்கு ஆகாது. இடைவெளியை வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டினேன். முக்கால் மணியிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு வர ஏழு வாரம் பிடித்தது.

பயந்துபோய்த் தண்ணீரைக் குறைத்தது தப்பு. சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடியது. காபியை நிறுத்திப் பார்த்தேன், வித்தியாசம் தெரிந்தது. காரத்தை நிறுத்தினேன், ஒன்றும் மாறவில்லை, எனவே காரம் திரும்பி வந்துவிட்டது. இப்போது உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்கிறேன். முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் விரலால் மெதுவாக அழுத்தி முன்னோக்கித் தள்ளினால் அந்த நாலு சொட்டும் அங்கேயே வந்துவிடுகிறது. இத்தனை எளிய விஷயத்தை ஒரு வருடம் யாரும் சொல்லவில்லை.

கேள்வித்தாளில் இப்போது 11. போன மாதம் ஆறு மணி நேரக் கார் பயணம், மறுநாள் காலையில் கூழாங்கல் திரும்ப வந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் கால் மணி நேரம் உட்கார்ந்தேன், மூச்சுப் பயிற்சியை நான்கு வேளையாக்கினேன், நாற்காலியில் நடுவில் பள்ளமுள்ள மெத்தையைப் போட்டேன். ஐந்தாம் நாள் வலி இல்லை. ஆறாம் நாள்தான் அது போனதையே கவனித்தேன்.