முள்ளங்கியோடு ஒரு குளிர்காலம்

நாங்கள் டோக்கியோவில் வந்து இறங்கியது செப்டம்பர் கடைசியில். நிஷி-கசாயில் வீடு. இங்கே நம்மவர்கள் நிறைய. துவரம் பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும். முதல் மாதம் வெளிநாட்டுக்கு வந்த மாதிரியே இல்லை. சிக்கலும் அதுதான். வீடு, கடை, பையனின் பள்ளிக்கூடம், மறுபடி வீடு. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்று வேறு சொல்லியிருந்தார்கள். இப்படியே போனால் வசந்தம் வரை போர்வைக்குள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பாற்றியது பக்கத்து வீட்டுப் பாட்டி. (இங்கே எழுதும்போதுதான் பாட்டி. நேரில் அப்படிக் கூப்பிட்டால் முகம் மாறிவிடும். குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும்.) லிஃப்டில் பார்த்தபோது, “முள்ளங்கி சாப்பிடுவாயா?” என்று கேட்டார். சாப்பிடுவேன் என்றேன். அக்டோபர் 19 சாயந்திரம் தயாராக இரு என்று சொல்லிவிட்டார்.

அவர் கூட்டிப்போனது நிஹோன்பாஷி பக்கம் நடக்கும் பெத்தரா இச்சிக்கு. ‘இச்சி’ என்றால் சந்தை. கயாபாச்சோவில் ஹிபியா லைனுக்கு மாறி கொதென்மாச்சோவில் இறங்கினால் படியேறும்போதே வாசனை வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 19, 20 இரண்டு நாளும் நடக்கிற சந்தை. வியாபாரம் செழிக்கக் கும்பிடும் எபிசு சாமியின் பண்டிகைக்கு வேண்டிய சாமான்களை விற்கத் தொடங்கி, போகப்போக அதில் விற்ற ஊறுகாயின் பெயரே சந்தைக்கு வந்துவிட்டதாம். ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கோவில், அதைச் சுற்றித் தெருத்தெருவாகக் கடைகள், மேலே காகித விளக்குகள்.

பெத்தராசுகே என்பது முழு முள்ளங்கியைச் சர்க்கரையும் கோஜியும் போட்டு ஊறவைப்பது. கோஜி என்றால் பூஞ்சை ஏற்றிப் புளிக்கவைத்த அரிசி. கடைக்காரர் ஒரு முள்ளங்கியைத் தூக்கிக் காட்டினார். அரிசிப் பருக்கைகள் அதன்மேல் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தன. ‘பெத்தரா’ என்பதே அந்தப் பிசுபிசுப்பைத்தான் குறிக்கிறது. அந்தக் காலத்து வாலிபர்கள் இதைக் கையில் ஆட்டிக்கொண்டு, “ஒட்டிக்கும், ஒட்டிக்கும்” என்று கிமோனோ உடுத்திய பெண்களைத் துரத்துவார்களாம். சொல்லும்போது பாட்டிக்கே சிரிப்பு. ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். தித்திப்பு, மொறுமொறுப்பு, கூடவே நம் இட்லி மாவு பொங்கி நிற்கும்போது வருமே, அந்த வாசனை. வீட்டில் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். என் கணவருக்குப் பிடிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

நவம்பரில் தொரி நோ இச்சி. ‘தொரி’ என்றால் சேவல். நம் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் சுற்றி வருவது போல இங்கே நாளுக்கு ஒரு விலங்காக 12 விலங்குகள் சுற்றி வரும். நவம்பரில் சேவல் நாள் இரண்டோ மூன்றோ விழும். மூன்று விழுந்தால் அந்த வருடம் தீ விபத்து அதிகம் என்று பழைய ஆள்கள் சொல்வார்கள். அசாகுசாவில் ஒதொரி கோவிலில் அந்த நாள் பிறக்கும் நடுராத்திரியிலேயே முரசு கொட்டித் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் சாயந்திரம்தான் போனோம். அதே ஹிபியா லைனில் இரியா ஸ்டேஷன்.

அங்கே விற்பது குமாதே. கரடிக் கை என்று அர்த்தம். உண்மையில் மூங்கிலில் செய்த சருகு வாரி. அதில் தங்கக் காசு, ஆமை, கொக்கு, சிவப்பு மீன், உப்பிய கன்னத்தோடு சிரிக்கும் ஒரு பெண் முகம் என்று இடைவெளியே விடாமல் சோடித்திருப்பார்கள். அதிர்ஷ்டத்தை வாரிக்கொண்டு வருமாம். போன வருடத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பெரிதாக வாங்க வேண்டும்.

ஜப்பானில் எங்கும் பேரம் கிடையாது, இங்கே மட்டும் பேசலாம் என்று பாட்டி சொன்னதுதான் தாமதம், எனக்குக் கை பரபரத்தது. மதுரை விளக்குத்தூணில் துணி எடுத்து வளர்ந்தவள் நான். 5,000 யென் சொன்னதை 4,000-க்குக் கொண்டுவந்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து “இயோ...” என்று இழுத்து, தாளம் தப்பாமல் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மீதி 1,000 யென்னைப் பர்ஸில் போட்டுக்கொண்டு, மிதப்பாக நடந்து வந்தேன். ரயிலில்தான் பாட்டி வாயைப் பொத்திச் சிரித்தபடி விஷயத்தைச் சொன்னார். பேரம் பேசிக் குறைத்த பணத்தைக் கடைக்காரருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவதுதான் கௌரவமாம். அப்புறம் எதற்கய்யா பேரம்?

டிசம்பரில் ஒன்றுக்கு மேல் ஒன்று. 17 முதல் 19 வரை சென்சோஜி கோவிலில் ஹகோய்தா இச்சி. கபுகி நாடக நடிகர்களின் உருவத்தைப் பட்டுத்துணியில் புடைப்பாகச் செய்து, இறகுப்பந்து அடிக்கும் மர மட்டையில் ஒட்டி விற்பார்கள். பார்க்க அழகு, விலை கேட்டால் மயக்கம். மரங்களில் விளக்கு மாட்டும் ‘இல்யுமினேஷன்’ நகரம் முழுக்க உண்டு. என்னைக் கேட்டால் ஒன்று பார்த்தால் போதும்.

எனக்குப் பிடித்தது செதகாயா போரோ இச்சி. டிசம்பர் 15, 16. திரும்ப ஜனவரி 15, 16. தொடங்கியது 1578-இல். ‘போரோ’ என்றால் கந்தல். சங்கென்ஜாயாவில் இரண்டே பெட்டி உள்ள குட்டி ரயில் ஏறிப் போக வேண்டும். பழைய கிமோனோ, கடிகாரம், யார் வீட்டுப் பீங்கானோ, எல்லாம் பாயில் பரப்பிக் கிடக்கும். எல்லோரும் வரிசையில் நிற்பது தைகான் மோச்சிக்காக. மோச்சி என்றால் அவித்த அரிசியை இடித்துச் செய்யும் பலகாரம். கண்ணெதிரே இடித்துச் சூடாகத் தருவார்கள். பயறு விழுது போட்டது ஒன்று, சோயாப்பொடி போட்டது ஒன்று, மூன்றாவது துருவிய முள்ளங்கி. சரி, விடாது போல என்று அதையே வாங்கினேன். குளிரில் மூக்கில் ஏறிய அந்தக் காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியாக ஜனவரி 7. அசாகுசாவில் சுமிதா ஆற்றை ஒட்டி ஒரு சின்னக் குன்று, அதன்மேல் மாட்சுச்சியாமா ஷோதென் கோவில். படியேற முடியாதவர்களுக்கு ஒரு குட்டி வண்டி கூட உண்டு. “இன்றைக்கு முள்ளங்கித் திருவிழா” என்று மட்டும் சொல்லித்தான் பாட்டி கூட்டிப்போனார். வாசலில் விற்ற முள்ளங்கியை வாங்கி உள்ளே வைத்துக் கும்பிட்டோம். மனசில் இருக்கும் கோபத்தை அது எடுத்துக்கொள்ளுமாம். திரும்பின பக்கமெல்லாம் இரண்டு முள்ளங்கிகள் பின்னிக்கொண்டிருக்கும் சின்னமும், சுருக்குப்பைச் சின்னமும். சாமி யார் என்று கேட்டேன். சிலையை யாருக்கும் காட்ட மாட்டார்களாம். “தலை யானை மாதிரி இருக்குமாம். இந்தியாவிலிருந்து வந்தவர், உனக்குத் தெரியாதா?” என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. விநாயகர். பௌத்தத்தோடு சீனா வழியாக வந்து இங்கே கங்கிதென் ஆகிவிட்டவர். வேகவைத்த முள்ளங்கித் துண்டில் மிசோ என்கிற புளித்த சோயா விழுதை ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். சாமிக்கு வைத்த முள்ளங்கியிலும் ஒன்றைப் பிரசாதமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன்.

“பிள்ளையாருக்குப் போய் முள்ளங்கியா? கொழுக்கட்டை வைக்க மாட்டாங்களா?”

“இல்லம்மா. முள்ளங்கியும் சுருக்குப்பையும்தான் அவருக்கு அடையாளமாம்.”

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அடி போடி, அது பையா? மேல குவிச்சுப் பிடிச்ச கொழுக்கட்டைடி.”